வட்டைக்கு மேலே ஒரு வண்டு

மண்முனைப் பாலத்தில் ஏறி இறங்க மோட்டார் சைக்கிளுக்கு அரை நிமிடம் போதும். நீளம் சுமார் 210 மீற்றர். 2014 ஏப்ரலில் ஜப்பான் உதவியோடு இது திறக்கப்படும்வரை இதே தண்ணீரைத் தாண்டப் 'பாதை'க்குக் காத்துக் கிடக்க வேண்டும். வெளியூர்க்காரரை இந்தச் சொல் மயக்கும். மட்டக்களப்பில் பாதை என்பது நிலத்தில் கிடப்பதல்ல, தண்ணீரில் மிதப்பது. ஆளையும் சைக்கிளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போய்வரும் தட்டையான படகுக்குத்தான் அந்தப் பெயர். குருமண்வெளி – மண்டூர் போன்ற துறைகளில் மண்முனைப் பாலம் வந்த பிறகும் பாதைதான் ஓடியது.

மாசி மாதத்துக் காலை ஆறரை மணிக்கு இந்தப் பாலத்தில் ஏறிய மோட்டார் சைக்கிளில் இருவர். கல்லடிக்காரர்கள், ஒருவனுக்கு ஒருவன் மச்சான். பின்னால் இருந்தவனின் மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே புட்டோ இடியப்பமோ இல்லை. 80 கிராம் எடையுள்ள டெல்லோ ட்ரோன் ஒன்று, அதற்கு மூன்று பற்றரிகள், புளூடூத்தில் இணையும் விளையாட்டுக் கைப்பிடி ஒன்று. பெட்டிக்குள் அடங்காத ஒன்று அவன் கழுத்தில் தொங்கியது. சுழியோடிகள் போடும் முகமூடி போலக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி, முன்பக்கத்தில் போனைச் செருக ஒரு தட்டு, உள்ளே இரண்டு கண்ணாடி வில்லைகள். பாலத்தில் எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

வாவி என்று புத்தகங்கள் சொல்கின்றன. கரையில் இருப்பவர்களுக்கு அது ஆறு. வடக்குத் தெற்காக 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்தத் தண்ணீர் மட்டக்களப்பை இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரப் பக்கம் எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்குப் பக்கம் படுவான்கரை, சூரியன் படும் கரை. கடைத்தெருவும் பெரிய பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலையும் எழுவானில். நெல்லும் மாடும் தயிரும் படுவானில். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு ஊர்க்குணம் உண்டென்று இரு கரையாரும் ஒத்துக்கொள்வார்கள். எது நல்ல குணம் என்பதில்தான் தகராறு.

கல்லடியில் கடற்கரை இருக்க, கோட்டையடியில் வாவி இருக்க, ட்ரோன் பறக்கவிட இவ்வளவு தூரம் ஏன் வரவேண்டும்? நகரத்தை ஒட்டியே விமான நிலையம் இருப்பது முதல் காரணம். ஆட்களும் மின்கம்பிகளும் அடுத்த காரணம். மூன்றாவதுதான் உண்மையான காரணம்: பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து படுவான்கரை வட்டை இப்போது வெறுமையாகக் கிடக்கும். வட்டை என்றால் இங்கே வயல்வெளி. கண்ணைக் கட்டிக்கொண்டு பறக்கப் பழகுகிறவனுக்கு விழுவதற்கு நல்ல இடம் வேண்டும். அரிவி வெட்டிய வட்டையைவிட மெத்தையான இடம் மாவட்டத்தில் கிடையாது.

கண்ணைக் கட்டிக்கொண்டு என்பது மிகையில்லை. இந்த விளையாட்டின் முழுச் சங்கதியும் அதுதான். வழக்கமாக ட்ரோனை ஓட்டுகிறவர் அண்ணாந்து அதைப் பார்க்கிறார், அல்லது கையிலுள்ள திரையைப் பார்க்கிறார். எஃப்.பி.வி. என்ற மூன்றெழுத்து முறையில் ட்ரோனின் மூக்கிலுள்ள கமரா காண்பதே அவர் கண்ணுக்கு முன்னால் விரிகிறது. உலகம் மறைந்து அவர் அதற்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார். போட்டிகளில் பறப்பவர்கள் இதற்கென்றே செய்த விலையுயர்ந்த கண்ணாடிகளை அணிவார்கள். 2016 மார்ச்சில் டுபாயில் நடந்த உலக ட்ரோன் பந்தயத்தில் 15 வயது பிரித்தானியச் சிறுவன் லூக் பானிஸ்டர் 250,000 டொலர் வென்றது அப்படியொரு கண்ணாடியோடுதான்.

அவ்வளவுக்குப் போக முடியாதவர்களுக்கு வழி காட்டியது ஒரு காகித அட்டைப் பெட்டி. 2014இல் கூகுள் நிறுவனம் தன் ஆண்டு மாநாட்டில் கார்ட்போர்ட் என்ற மடிப்புப் பெட்டியை வெளியிட்டது. அட்டை, இரண்டு வில்லை, ஒரு காந்தம். மீதியைப் போன் பார்த்துக்கொள்ளும். நிறுவனத்தின் கணக்குப்படி 2017 தொடக்கத்துக்குள் ஒரு கோடிப் பெட்டிகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. 2021இல் கூகுள் தன் கடையில் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஆனால் அதைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் பெட்டிகள் நின்றபாடில்லை. கல்லடிக்காரனின் கழுத்தில் தொங்குவது அந்தப் பரம்பரையில் வந்ததுதான். போனை வைத்துப் பறக்கும் யோசனையும் புதிதல்ல. பிரெஞ்சு நிறுவனமான பரட், 2010இலேயே போனால் ஓட்டும் ட்ரோனைக் காட்டியது. 2016இல் தன் பீபொப் 2 ட்ரோனோடு போன் செருகும் முகக்கண்ணாடியையும் சேர்த்தே விற்றது. 2018இல் 99 டொலருக்கு டெல்லோ வந்தபோது இந்த ஆசை மாணவர்களின் கைக்கு எட்டியது.

எட்டியது என்பதற்காக நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. டெல்லோ, வைஃபை வழியே போனுக்குப் படத்தை அனுப்புகிறது. ஒரு செயலி அதை இரண்டாக்கி, இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று எனத் திரையில் பக்கம் பக்கமாக வைக்கிறது. 1920 புள்ளி அகலமுள்ள திரையென்றால் ஒரு கண்ணுக்கு 960தான் மிஞ்சும். வில்லை அதைப் பெரிதாக்கும்போது புள்ளிகளுக்கு இடையிலுள்ள கோடுகளும் பெரிதாகின்றன. விளைவு, நுளம்பு வலைக்குள் படுத்துக்கொண்டு வெளியே பார்ப்பது போல இருக்கும். இன்னொரு குறையும் உண்டு. ட்ரோனுக்கு ஒரே கண். இரண்டு கண்ணுக்கும் ஒரே படம் போவதால் ஆழம் தெரியாது. பனைமரம் பத்து மீற்றரில் நிற்கிறதா முப்பதிலா என்பதை அனுபவம் சொல்ல வேண்டும். அல்லது பனைமரமே சொல்லும்.

பாலம் தாண்டினால் மகிழடித்தீவு. அங்கே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. முன்னால் இருந்தவன் வேகத்தைக் குறைத்தான், நிறுத்தவில்லை.

1987 ஜனவரி 28ஆம் திகதி இந்தப் பகுதியின் இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12இல் மறுபடியும். இரண்டாவதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு 67 பேர் என்றது. ஊரின் கணக்கு அதன் இரு மடங்குக்கும் மேல். 2007 மார்ச் வரை இந்தக் கரை பெரும்பாலும் அரசின் பிடிக்கு வெளியே இருந்தது. அப்போதெல்லாம் மண்முனைத் துறை என்பது வெறும் தண்ணீர் அல்ல, இரண்டு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட எல்லை. இதையெல்லாம் ஒரு விளையாட்டுச் சாமானைப் பற்றிய பயணக் கட்டுரையில் எழுதத்தான் வேண்டுமா என்று கேட்கலாம். படுவான்கரையில் ஆகாயத்தில் எதையாவது ஏற்றப் போகிறவன் இதைத் தெரிந்துகொண்டுதான் ஏற்ற வேண்டும். கண்ணுள்ள ஒன்று தலைக்கு மேலே வந்து நின்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை இந்த நாட்டுத் தமிழர்கள் போரில் படித்தவர்கள். வன்னியில் ஆளில்லா வேவு விமானத்துக்கு மக்கள் வைத்த பெயர் 'வண்டு'. முதலில் ரீங்காரம், பிறகு குண்டு. 2022க்குப் பின் உக்ரேன் செய்திகளைப் படிப்பவர்களுக்கு எஃப்.பி.வி. என்ற மூன்றெழுத்தும் வேறொரு வண்டின் பெயர்தான்.

கொக்கட்டிச்சோலைச் சந்தியில் பிளேன்டீ. அதன்பின் தான்தோன்றீஸ்வரர் கோயில்.

பெயரைக் கேட்டதும் கொக்கை நினைப்பவர்கள் உண்டு. கொக்கட்டி என்பது மரம். வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்ட, வெட்டிய இடத்தில் இரத்தம் பீறிட, அங்கே லிங்கம் இருக்கக் கண்டார்கள் என்பது தல வரலாறு. அதைவிட ஊருக்குப் பிடித்த கதை போர்த்துக்கேயர் காலத்துக் கதை. கோயிலை இடிக்க வந்தவன், இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று ஏளனமாகக் கேட்டானாம். கல் நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். சாணத்தைச் சேர்த்துச் சொல்வதில்தான் இந்தக் கதையின் அழகு இருக்கிறது. மாடு வளர்க்கிற ஊர் அல்லவா, புல் தின்றதோடு நிறுத்தினால் யார் நம்புவார்கள்?

மட்டக்களப்பார் இதைத் 'தேரோடும் கோயில்' என்பார்கள். ஆவணி வாக்கில் திருவிழாவுக்கு எழுவான்கரையும் இங்கே திரண்டுவிடும். கோயில் வெளியெங்கும் கச்சான் கடை. இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலை. மட்டக்களப்பில் அது காற்றும்தான். சோளகப் பருவத்தில் மேற்கேயிருந்து வறண்டு, சுட்டுக்கொண்டு வரும் காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். 80 கிராம் ட்ரோனுக்கு இரண்டாவது கச்சான் எமன். மாசி மாதத்து விடியற்காலையை இருவரும் தேர்ந்தெடுத்தது அதனால்தான்: வாடை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் பிறந்திருக்காது, கடற்காற்று எழும்ப இன்னும் மூன்று மணி நேரம் இருக்கும்.

கோயிலுக்கு மேலே ஒரு வட்டம் அடித்தால் படம் நன்றாக வரும் என்று பின்னால் இருந்தவன் ஆசைப்பட்டான். மச்சான் சம்மதிக்கவில்லை. சட்டம் ஒரு பக்கம். இலங்கையில் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களை எடைப்படி வகுத்திருக்கிறது. 200 கிராமுக்குக் குறைந்தவை கடைசி வகுப்பு. இந்தியாவின் 2021 விதிகளில் இந்தச் சின்ன வகுப்பின் எல்லை 250 கிராம். வகுப்பு எதுவானாலும் ஆட்கள் கூடுமிடத்துக்கு மேலே பறக்காதே, கண்ணுக்கு எட்டிய தூரத்தில் வைத்திரு என்பவை பொதுவான ஒழுங்குகள். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டு வெடித்த நான்காம் நாள், நாடெங்கும் ட்ரோன் பறக்கவே தடை வந்ததை இருவரும் மறக்கவில்லை. ஆனால் மச்சான் சொன்ன காரணம் சட்டமல்ல. "சாமி கும்பிட வந்த சனத்துக்கு மேல ஏன்டா அதை விடுற? அவங்கள் என்ன உன்னட்டப் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டவங்களா?" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்னால் இருந்தவனின் பெரியப்பாவுடைய வட்டை கோயிலிலிருந்து தெற்கே, வாவி ஓரம். வாடியில் எருமைத் தயிர்ச் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். பெரியப்பா சாறனை மடித்துக்கட்டியபடி வந்து, பெட்டியைத் திறக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சாமானின் நான்கு விசிறிகளும் சுற்றத் தொடங்கியதும் இரண்டடி பின்னால் போனார்.

"என்ன மனே, வண்டா?"

"ஓம் பெரியப்பா. ஆனா இது குஞ்சு."

அவர் சிரிக்கவில்லை. யாரையெல்லாம் அது பார்க்கும், பார்த்ததை எங்கே அனுப்பும் என்று கேட்டார். உன் போனுக்கு மட்டும்தானா, இல்லை வேறெங்கும் போகுமா? இந்தக் கேள்வியை நகரத்தில் ஒருவரும் கேட்டதில்லை என்று பின்னர் அவன் சொன்னான். போனுக்கு மட்டும்தான், நூறு மீற்றருக்கு அப்பால் அதுவும் போகாது என்று விளக்கிய பிறகே அவர் முகம் இளகியது. நூறு என்பது கையேட்டுக் கணக்கு. நடைமுறையில் பாதி தாண்டினாலே படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

முதல் பறப்பு. அவன் மருதமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, முகப்பெட்டியை இறுக்கிக்கொண்டான். போன் பெட்டிக்குள் போய்விட்டால் திரையைத் தொட முடியாது. கைப்பிடியின் பொத்தான்களை விரல் நினைவில் தேட வேண்டும். உட்கார்வதற்கும் காரணம் உண்டு. கண் பறக்கிறேன் என்கிறது. உட்காது இருக்கிறேன் என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு யார் பக்கமும் சேராமல் குமட்டத் தொடங்கும். நின்றபடி பறக்கிறவர் ட்ரோன் சாயும்போது தானும் சாய்ந்து விழுந்துவிடுவது வழக்கம். மச்சானின் கை அவன் தோளில். அதுதான் இவர்கள் தமக்குள் வைத்திருக்கும் ஒழுங்கு: பெட்டி போட்டவன் ட்ரோனைப் பார்க்க மாட்டான், ஆகவே மற்றவன் கண்ணெடுக்காமல் பார்ப்பான், வாயால் சொல்வான். பருந்து வருது. கம்பி இருக்கு. இடப்பக்கம் கிறுக்கு, அதாவது திருப்பு.

வட்டை வரம்பெல்லாம் மேலேயிருந்து பாய் பின்னலாகத் தெரிந்தது. வெட்டிய ஒட்டுகள் வரிசை வரிசையாக. அதற்கப்பால் கண்டல் மரங்களின் இருட்டு, அதற்கப்பால் தகடு போட்டது போல வாவி. தோணியில் ஒருவர் வீச்சு வலையைக் கையில் அள்ளிக்கொண்டு நின்றார். எறியப் போகிறார். எறிந்தார். வலை பூவாக விரிந்து நீரில் விழுந்தது. வெற்றுக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த மச்சான் "எறிஞ்சிட்டார்!" என்று கத்தியபோது, பெட்டிக்குள் இருந்தவனுக்கு வலை இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

மலிவு ட்ரோனின் முழு இரகசியமும் அந்த இடைவெளிதான். பந்தய ட்ரோன்களின் பழைய அனலொக் படம் புள்ளி மங்கலாக இருந்தாலும் உடனுக்குடன் வரும். வைஃபை படம் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பி, அவிழ்த்துக் காட்டப்படுவதால் பிந்தும். கால் செக்கன் என்றே வைத்துக்கொள்வோம். டெல்லோவின் உச்ச வேகம் செக்கனுக்கு 8 மீற்றர். கால் செக்கனில் அது 2 மீற்றர் போய்விடும். ஓட்டுகிறவன் காண்பது எப்போதும் இரண்டு மீற்றருக்கு முந்திய உலகம். மரத்தைக் கண்டதும் திருப்பினால் மரத்துக்குள் இருப்பான். லூக் பானிஸ்டரின் திறமை இவனுக்கு இருந்தாலும் இந்தப் பெட்டியோடு டுபாயில் முதல் வளைவிலேயே விழுந்திருப்பான்.

வலை வீசியவரைக் கிட்டப் பார்க்கும் ஆசையில் அவன் ட்ரோனைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளினான். கண்டல் மரங்களைத் தாண்டி, கரையைத் தாண்டி. தாண்டியதும் சாமானுக்குப் பித்துப் பிடித்தது. கைப்பிடியைத் தொடாமலே தெற்கே நழுவியது, தாழ்ந்தது, எழும்பியது.

குற்றம் அதனுடையதல்ல. டெல்லோவுக்கு ஜி.பி.எஸ். கிடையாது. வயிற்றில் ஒரு சிறு கமராவும் அகச்சிவப்பு உணரியும் உண்டு. அவற்றால் கீழேயுள்ள நிலத்தைப் பார்த்துத்தான் அது ஓரிடத்தில் நிற்கிறது. புல், மணல், சீமெந்துத் தரை என்றால் ஏதாவது புள்ளியைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் பிடிக்க ஒன்றுமில்லை. அலை தெற்கே போனால் தான் வடக்கே போய்விட்டதாக நினைத்து, அலையைத் துரத்திக்கொண்டு தெற்கே போகும். தண்ணீருக்கு மேலே பறக்காதே என்று கையேடு எச்சரிப்பது இதற்காகத்தான். 141 சதுர கிலோமீற்றர் வாவிக்குள் 80 கிராம் விழுந்தால் தேடுவது வீண். முதலைக்குடா என்றே ஓர் ஊர் பக்கத்தில் இருக்கும்போது இறங்கித் தேடுவது மடமை. "மேல இழு! மேல! கிறுக்கு, கிறுக்கு!" தோளிலிருந்த கை காதைப் பிடித்துத் திருப்பும் நிலைக்கு வந்துவிட்டது. கண்டல் நிழலுக்கு மேலே வந்ததும் ட்ரோன் குடித்தவன் வீட்டுத் திண்ணையைப் பிடித்தது போல நிதானித்தது.

அவன் பெட்டியைக் கழற்றி, முகத்தில் அதன் அச்சு சிவப்பாகப் பதிந்திருக்க, ஐந்து நிமிடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியப்பா செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"இது ஆனையைக் கலைக்குமா மனே?"

வேடிக்கைக் கேள்வியல்ல. வேளாண்மைக் காலத்தில் படுவான்கரை இரவுகள் யானை வெடியோடுதான் கழிகின்றன. தன்சானியாவில் பயிர்நிலங்களுக்குள் வரும் யானைகளை ட்ரோன் கொண்டு காட்டுப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள். தேனீக் கூட்டத்தின் இரைச்சலுக்கு யானை அஞ்சும். ட்ரோனின் இரைச்சலும் அந்தச் சாதிதான் என்பது ஒரு விளக்கம். ஆனால் அங்கே பறந்தவை இதைவிடப் பல மடங்கு பெரியவை. இந்தக் குஞ்சைக் கண்டால் ஆனை காதை ஆட்டும், அந்தக் காற்றிலேயே இது விழுந்துவிடும் என்றான் மச்சான். பெரியப்பா அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார். சிரித்த கையோடு, "அதை இங்க தா, பாப்பம்" என்று முகப்பெட்டிக்குக் கை நீட்டினார்.

மூன்றாவது பற்றரி. ஓட்டுகிறவன் ஒருவன், பார்க்கிறவர் வேறொருவர்: கைப்பிடி இளைஞனிடம், பெட்டி பெரியப்பாவின் முகத்தில். அவரை வாவியைப் பார்த்தபடி கதிரையில் உட்காரவைத்து, ட்ரோனை அவருக்குப் பின்னாலுள்ள வட்டைக்கு மேலே ஏற்றினார்கள். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு வரம்பு வரம்பாகச் சொல்லத் தொடங்கினார். அந்த மூலையில் மடை உடைந்திருக்கிறது. இது யாருடைய மாடு? எங்கட காணிக்கு இவ்வளவு வளைவா, நிலத்தில் நின்று பார்த்தால் நேராகவல்லவா தெரியும்? ஐம்பது வருடம் நடந்த நிலத்தை அவர் ஆறு நிமிடம் வாய் ஓயாமல் வாசித்தார். மச்சான் ட்ரோனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பற்றரி குறைந்ததும் ட்ரோன் தானாகவே இறங்கியது. ஒட்டுகளுக்கு நடுவே, இன்னும் பச்சை மிச்சமிருந்த ஒரு புல் திட்டில். விசிறி நின்றது; கமரா நிற்கவில்லை. பெட்டிக்குள் புல் ஒவ்வொன்றும் பனைமர உயரம். அந்தப் பனங்காட்டை விலக்கிக்கொண்டு கறுப்பாக, ஈரமாக, வீட்டுக் கதவளவில் ஒரு மூக்கு வந்தது. நாம்பன் கன்று ஒன்று புல்லைத் தின்னலாமா, புல்லோடு கிடப்பதையும் சேர்த்துத் தின்னலாமா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா கதிரையோடு பின்னால் சாய்ந்தார். "ஏய்! போ! போ அங்கால!" என்று இரண்டு கையாலும் வாவியைப் பார்த்து விரட்டினார். கன்று அவர் முதுகுக்குப் பின்னால், நாற்பது மீற்றர் தள்ளி, நிதானமாக நாக்கை நீட்டியது.